ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் ரைசர் பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரைசர் என்பது ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் ஓர் அலுமினியக் கட்டையும் கொஞ்சம் நீளமான போல்ட்டுகளும்தான். அதை வைத்து முடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஹேண்டில்பார் மேலே ஏறும்போது பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், சுவிட்சுகளுக்குப் போகும் வயர்க் கற்றை எல்லாமே அதோடு மேலே இழுபடுகின்றன. அவற்றின் நீளமோ தொழிற்சாலையில் வைத்த அதே நீளம். இந்த வேலையில் உங்கள் நேரமும் கவனமும் பெரும்பாலும் அங்கேதான் செலவாக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தலாம் என்பதற்கான விடை ரைசர் வரும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கும்போது உங்கள் வண்டியே அதைச் சொல்லும்.

வலி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ரைசர் எல்லா வலிக்கும் மருந்தாகாது. மணிக்கட்டு, உள்ளங்கை, கழுத்தின் பின்புறம், தோள்பட்டைகளின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் வலித்தால் ஹேண்டில் தாழ்வாகவோ தொலைவாகவோ இருப்பது காரணமாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் மணிக்கட்டை ஒட்டி ஓடும் அல்நார் நரம்பு கைப்பிடியில் அழுந்துவது பெரும்பாலும் காரணம். உடல் எடை கைகளில் இறங்குவதால் வரும் கோளாறு இது; ரைசர் இதற்கு நன்றாகவே உதவும். முழங்கால் வலித்தால் காரணம் ஃபுட்ரெஸ்டின் உயரமாக இருக்கலாம். அடிமுதுகு மட்டும் வலித்தால் இருக்கையின் சரிவையும் அமரும் முறையையும் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் விரல் மரப்பு நீங்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பாகம் மாற்றித் தீர்க்கும் விஷயம் அல்ல அது.

செலவில்லாத இரண்டு மாற்றங்களை முதலில் செய்து பாருங்கள். ஒன்று, பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணம். இயல்பாக அமர்ந்து லீவர்மீது விரல்களை வைக்கும்போது முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். லீவர் மேல்நோக்கி இருந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கியே கிடக்கும். அந்த வலிக்கு ரைசர் பதில் சொல்லாது. இரண்டு, டேங்க்கை முழங்கால்களால் இறுக்கிப் பிடிப்பது. பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரியும் உடலைத் தாங்க வேண்டியவை தொடைகளும் வயிற்றுத் தசைகளும்தான். அவை சோம்பினால் முழு எடையும் கைக்கு வந்துவிடும். டேங்க்கின் பக்கங்களில் ஒட்டும் ரப்பர் கிரிப் சிலருக்குப் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. இவ்வளவும் செய்த பிறகும் வலி மிஞ்சினால் ரைசரைத் தாராளமாக யோசிக்கலாம்.

உங்கள் வண்டியில் ஹேண்டில் எப்படிப் பொருந்தியிருக்கிறது?

ரைசர் வாங்குவதற்கு முன் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே சேர்த்துப் பிடித்திருக்கும் தகட்டை டி-ஸ்டெம்மின் மேல்தட்டு என்று வைத்துக்கொள்வோம். அதை அடையாளமாகக் கொண்டு பார்த்தால் நான்கு அமைப்புகள் தெரியும்.

முதலாவது, ஒரே நீளக் குழாயாக இருக்கும் சாதாரண ஹேண்டில்பார். ஸ்போர்ட்ஸ் பைக்கின் இயந்திரத்தையே பகிர்ந்துகொள்ளும், ஃபேரிங் (வண்டியை மூடும் காற்றுத்தடுப்பு உறை) இல்லாத வண்டிகளில் இதுதான் இருக்கும். பிடிப்பானுக்கு அடியில் ஸ்பேசர் வைத்தால் போதும்; மிக எளிது. குழாயின் விட்டம் பிடிக்கும் இடத்தில் 22 மி.மீ.யா 28.6 மி.மீ.யா என்பதை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, மேல்தட்டின் மீதே தனித்தனிக் கைகளாக போல்ட் செய்யப்பட்டவை. சுசுகி ஹயபுசா இந்த வகை. இதற்கு ஒவ்வொரு கையின் அடியிலும் வைக்கும்படி அதற்கென்றே வடிவமைத்த ரைசர்கள் கிடைக்கின்றன. வேலையும் நேரடியானது.

மூன்றாவது, ஒவ்வொரு ஃபோர்க் குழாயையும் வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் தனிக் கை, அதாவது கிளிப்-ஆன், மேல்தட்டுக்கு மேலே இருப்பது. ஹோண்டா விஎஃப்ஆர்800 இப்படி. நான்காவது, அதே கிளிப்-ஆன் மேல்தட்டுக்குக் கீழே இருப்பது. யமஹா ஆர்6 போன்ற பந்தயச் சாயல் கொண்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இந்த நான்காவது வகைக்கு ஸ்பேசர் வைக்க இடமே கிடையாது. உயர்த்தப்பட்ட கை கொண்ட மாற்று கிளிப்-ஆன் வாங்க வேண்டும். பழையதைக் கழற்ற மேல்தட்டையே எடுக்க வேண்டியிருக்கும். மேல்தட்டு முழுவதையும் மாற்றி நீளக் குழாய் ஹேண்டில் பொருத்தும் தொகுப்புகளும் சில வண்டிகளுக்கு உண்டு. அதில் ஹோஸ், கேபிள், சில சமயம் ஃபேரிங் வரை எல்லாமே மாறும். அது தனி வேலை. இங்கே அதற்குள் போகவில்லை.

கிளிப்-ஆன் வாங்கும்போது ஃபோர்க்கின் விட்டத்தை அது பிடிக்கும் இடத்திலேயே வெர்னியர் காலிபரால் அளந்து பாருங்கள். சாதாரண ஃபோர்க்குகளில் 37, 41, 43 மி.மீ. என்று வரும். தலைகீழ் ஃபோர்க்கில் மேல்பகுதிதான் தடித்த குழாய். அங்கே 50 மி.மீ.க்கு மேலும் இருக்கும். விளம்பரங்களில் சொல்லப்படும் '43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க்' என்பது உள்ளே நகரும் மெல்லிய குழாயின் அளவு. அதை நம்பி கிளிப்-ஆன் வாங்கினால் பொருந்தவே பொருந்தாது.

மூன்றாவது வகை வண்டிகளில் ஒரு குறுக்குவழி உலவுகிறது. மேல்தட்டுக்கு மேலே ஃபோர்க் குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டு, கிளிப்-ஆனை அந்த நீளத்தில் மேலே ஏற்றிக் கட்டுவதுதான் அது. இதைச் செய்யாதீர்கள். குழாயை மேலே நீட்டினால் வண்டியின் முன்பகுதி தாழும், ஸ்டீயரிங்கின் சாய்கோணம் செங்குத்தாகும், டிரெயில் (ஸ்டீயரிங் அச்சின் நீட்சி தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம்) குறையும். கைக்கு வசதி தேடப் போய் வண்டியின் நேர்கோட்டு நிலைத்தன்மையை மாற்றி வைப்பது பெரிய விலை. கிளிப்-ஆனின் வளையம் பாதி குழாயையும் பாதி காற்றையும் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே அளவு ஆபத்து. வளையத்தின் முழு உயரமும் குழாயின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது?

20 முதல் 30 மி.மீ. என்பது என் பரிந்துரை. கேட்க அற்பமாகத் தோன்றும். அமர்ந்து பார்த்தால் தோன்றாது. காரணம், உயரத்தோடு பின்னோக்கிய நகர்வும் சேர்ந்து கிடைக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் ஸ்டீயரிங் அச்சு ஏறக்குறைய 24 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். அந்த அச்சின் வழியே 25 மி.மீ. ஏற்றினால் கைப்பிடி செங்குத்தாக 23 மி.மீ. உயர்ந்து, 10 மி.மீ. உங்களை நோக்கி வருகிறது. முதுகின் சாய்வைக் குறைப்பதில் இந்தப் பின்னோக்கிய 10 மி.மீ.க்குப் பெரிய பங்கு உண்டு. சில ரைசர்கள் இதற்கும் மேல் பின்னால் இழுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கை நீளம் குறைந்தவர்களுக்கு வெறும் உயரத்தைவிட அந்த வகையே பொருத்தமானது.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் (சக்கரத்தைத் தூக்கி வண்டியை நிமிர்ந்து நிறுத்தும் தாங்கி) நிமிர்த்தி, ஓட்டும் உடையோடும் ஹெல்மெட்டோடும் அமருங்கள். ஒருவர் பக்கவாட்டிலிருந்து உங்கள் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்துப் படமெடுக்கட்டும். பிறகு கைகளை ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டு, முதுகு உளையாத ஒரு சாய்வில் உடலை நிறுத்தி, முழங்கைகளைச் சற்றே மடக்கி, ஹேண்டில் எங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று காற்றில் பிடித்துக் காட்டுங்கள். இன்னொரு படம். இரண்டு படங்களிலும் கை இருக்கும் இடத்தை ஒப்பிட்டால் தேவை தெரிந்துவிடும். வித்தியாசம் 60, 70 மி.மீ. என்று வந்தால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: உங்களுக்குத் தேவை ரைசர் அல்ல, வேறு வகை வண்டி.

அதிகம் உயர்த்தினால் கெடுவது எது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்குவதால்தான் குனிந்த நிலை அங்கே இதமாக இருக்கிறது. நகர நெரிசலில்தான் அது கொல்கிறது. ஹேண்டில் மிக உயரமானால் உடல் நிமிர்ந்து காற்றை முழுதாக வாங்கும். அப்போது பறந்துவிடாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டிவரும். அந்த இழுப்பு ஸ்டீயரிங்கிற்குள் போய் வேகத்தில் வண்டியை அலைய வைக்கும்.

ரைசரும் போல்ட்டும்

திடமான அலுமினியத் துண்டிலிருந்து கடைந்தெடுத்த ரைசரை வாங்குங்கள். 6061-டி6 போன்ற கலவையின் பெயரைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நல்லது. விலை மலிவான வார்ப்பில் உள்ளே காற்றுக்குமிழ் இருந்தாலும் வெளியே தெரியாது. உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்யப்பட்டதைத் தேடுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் எதற்கும் முழுதாகப் பொருந்துவதில்லை.

போல்ட்டைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஓட்டுநரின் உயிர் தொங்குவது அதில்தான். போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அதன் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும்: 8.8 என்றால் 800, 12.9 என்றால் 1,200. கடைகளில் பளபளவென்று கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டின் இழுவலிமை 700 தான். தொழிற்சாலை 10.9 வைத்த இடத்தில் துருப்பிடிக்காது என்பதற்காக அதைப் போட்டால் இழுவலிமையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை இழக்கிறீர்கள். ரைசரோடு வரும் போல்ட் பழைய போல்ட்டுக்கு இணையான அல்லது உயர்ந்த தரமாக இருக்க வேண்டும். எண்ணே பொறிக்கப்படாத போல்ட்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது நீளம். போல்ட் அலுமினியத்துக்குள் போகும்போது அதன் மரைப்பகுதி விட்டத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழம் பிடித்திருக்க வேண்டும். எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு அது 12 மி.மீ. ரைசரின் உயரத்தை விட்டுவிட்டு மிச்ச நீளத்தை அளந்து பாருங்கள். நீளம் அதிகமானாலும் தவறுதான்: துளையின் அடியில் போல்ட் முட்டிக்கொண்டு நின்றால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்) 'இறுகிவிட்டது' என்று சொல்லும், ரைசரோ தளர்வாகவே இருக்கும். வெறும் போல்ட்டைக் கையால் திருகி உள்ளே எவ்வளவு போகிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்பேசர்களை அடுக்காதீர்கள். 30 மி.மீ. வேண்டுமென்றால் 30 மி.மீ. ஒற்றைக் கட்டையை வாங்குங்கள். ஒவ்வொரு இணைப்பு முகமும் நழுவுவதற்கான ஓர் இடம்.

வேலைக்கு முன்

உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேண்டும். டார்க் அளவுகள் அதில்தான் இருக்கும். டார்க் ரெஞ்ச், நல்ல ஆலன் கீ தொகுப்பு, சாக்கெட்டுகள், பேடாக் ஸ்டாண்ட், டேங்க்கையும் ஃபேரிங்கையும் மூடத் தடித்த துணி, நடுத்தர வலிமையுள்ள நீல நிற திரெட் லாக்கர் (போல்ட் தானாகத் தளராமல் இருக்க மரையில் இடும் பசை), கேபிள் டை, பெயின்ட் மார்க்கர். பிரேக் ஹோஸைத் தொடப் போகிறீர்கள் என்றால் திறக்காத பாட்டிலில் பிரேக் ஆயில், புதிய செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள், தெளிவான குழாய் ஒன்று.

வாகனத்தில் இப்படி மாற்றம் செய்வதைப் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். உங்கள் ஊரின் விதியையும் காப்பீட்டு நிபந்தனையையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கழற்றத் தொடங்கும் முன் கேபிள்களும் ஹோஸும் எந்த வழியாக, எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் போகின்றன என்பதை எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்துக்கொள்ளுங்கள். லீவர்களும் சுவிட்சுகளும் இருக்கும் இடத்தில் ஹேண்டிலில் பெயின்ட் மார்க்கரால் சிறு கோடு போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வயர்க் கற்றையை இழுத்து நகர்த்தப் போகிறோம்.

பொருத்துதல்

படி 1. வண்டியைப் பின்பக்கப் பேடாக் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். டேங்க்கின் மேல் துணி. கழற்றிய ஹேண்டில் கை கேபிளில் தொங்கி டேங்க்கில் இடித்துப் பள்ளம் விழுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும்.

படி 2. கேபிள்களையும் வயர்க் கற்றையையும் ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளிப்புகளையும் டைகளையும் அவிழ்த்துவிடுங்கள். எவ்வளவு தளர்வு கிடைக்கிறது என்பது இப்போதே தெரியும்.

படி 3. ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுங்கள். மறுபக்கம் அப்படியே இருந்தால் கோணத்துக்கும் தூரத்துக்கும் அதுவே அளவுகோல். போல்ட்டுகளைத் தளர்த்திக் கையை மெல்லத் தூக்கி, துணி விரித்த டேங்க்கின் மேல் வையுங்கள். பிரேக் பக்கமாக இருந்தால் ஆயில் கிண்ணம் கவிழாமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கவிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும். சிந்தும் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். ஒரு துளி விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

படி 4. ரைசர் உட்காரும் முகத்தைத் துடையுங்கள். எண்ணெய், தூசு, பழைய திரெட் லாக்கர் எதுவும் கூடாது. ஹேண்டிலை அசையாமல் வைத்திருப்பது அந்த இரண்டு முகங்களுக்கிடையே உண்டாகும் உராய்வு. போல்ட்டின் இறுக்கம் அந்த உராய்வை உண்டாக்குகிறது. முகம் அழுக்காக இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை.

படி 5. ரைசரை வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் கையால் திருகி உள்ளே விடுங்கள். கையால் சுலபமாகப் போகாவிட்டால் மரை குறுக்கே ஏறுகிறது. ரெஞ்சை எடுக்காமல் வெளியே எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். இது பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான ஒத்திகை மட்டுமே; திரெட் லாக்கர் இன்னும் வேண்டாம். மறுபக்கத்தையும் இதேபோல் ஏற்றுங்கள்.

கிளிப்-ஆன் மேல்தட்டுக்குக் கீழே இருக்கும் வண்டியில் இந்த இடத்தில் வேலை கூடுதல். ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல்தட்டின் போல்ட்டுகளையும் நடுவில் இருக்கும் பெரிய ஸ்டெம் நட்டையும் கழற்றி மேல்தட்டைத் தூக்க வேண்டும். கீழ்த்தட்டு ஃபோர்க்கைத் தாங்கிக்கொண்டிருக்கும், பயம் வேண்டாம். ஆனால் ஸ்டெம் நட்டுக்கு அடியில் இருக்கும், கோன்செட்டின் (ஸ்டீயரிங் பேரிங்கின்) இறுக்கத்தை நிர்ணயிக்கும் நட்டைத் தொடாதீர்கள். திரும்பப் போடும்போது ஸ்டெம் நட்டைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கிய பிறகே ஃபோர்க் போல்ட்டுகளை இறுக்குங்கள். வரிசை மாறினால் தட்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். முடிந்ததும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் சிக்காமல், தட்டாமல் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும்.

படி 6. போல்ட்டுகள் இன்னும் பாதி இறுக்கத்தில் இருக்கும்போதே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். கைப்பிடியில் கைவைத்தபடி, கையுறையோடு. கட்டைவிரல் டேங்க்கில் சிக்குகிறதா? லீவர் ஃபேரிங்கில் உரசுகிறதா? பிரேக் ஆயில் கிண்ணம் வைசரில் (வண்டியின் முன் காற்றுத்தடுப்புக் கண்ணாடியில்) முட்டுகிறதா? எந்த இடத்திலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டிலின் திருப்பத்தை நிறுத்துவது ஃபிரேமில் உள்ள தடுப்பு மட்டுமே. டேங்க்கோ ஃபேரிங்கோ அதை நிறுத்தினால், அந்த உயரம் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. குறைந்த உயரத்துக்கு இறங்குங்கள் அல்லது கிளிப்-ஆனைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். தடுப்புக்கு மேல் எதையாவது ஒட்டித் திருப்பத்தைக் குறைப்பதை நான் ஏற்பதில்லை. குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது அந்தக் குறைவு உங்களைக் கீழே தள்ளும்.

படி 7. எல்லாம் சரியென்றால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மரையில் ஒரு சொட்டு திரெட் லாக்கர் இட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரைசர் தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் அது. இல்லையென்றால் வண்டியின் கையேடு. எம்6 போல்ட் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், எம்8 போல்ட் 20 முதல் 25 வரையும் பல வண்டிகளில் வரும். ரெஞ்ச் காட்டுவது அதைவிட வெகுதூரம் விலகியிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். ஒரே போல்ட்டை முழுதாக முடுக்காமல், மாறி மாறி இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். தலைகீழ் ஃபோர்க்கில் கிளிப்-ஆன் வளையத்தை மிகையாக இறுக்கினால் குழாயின் மெல்லிய சுவர் நசுங்கும். திரெட் லாக்கர் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஃபேரிங் பக்கம் கவனம்.

இறுகிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து ரைசருக்கு ஒரு கோடு வரையுங்கள். பின்னாளில் போல்ட் நகர்ந்தால் அந்தக் கோடு முறியும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கேபிள்களும் ஹோஸும்

ஆக்சிலேட்டர் கேபிளில் இருந்து தொடங்குங்கள், ஏனென்றால் தவறினால் உடனடி ஆபத்து அங்கேதான். இழுபட்ட கேபிள் ஹேண்டிலைத் திருப்பும்போது தானாகவே த்ராட்டிலைத் திறக்கும். கைப்பிடியில் 2, 3 மி.மீ. வெற்றுச்சுழற்சி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த அளவு மாறக்கூடாது. கைப்பிடியைத் திருகிவிட்டால் டப்பென்று திரும்ப மூட வேண்டும். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டிகளில் கேபிளுக்குப் பதில் வயர். அதற்கு இந்தச் சிக்கல் இல்லை, இழுபடாமல் இருந்தால் போதும்.

கிளட்ச் கேபிளில் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை விளையாட்டு (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) பல வண்டிகளில் தேவைப்படும். ஹேண்டில் உயர்ந்ததும் இது குறைந்திருக்கும். சரிசெய்யும் திருகில் மீட்டுவிடலாம். திருகு கடைசிவரை போயும் விளையாட்டு வரவில்லையென்றால் நீளக் கேபிள் வாங்குங்கள். விளையாட்டே இல்லாத கிளட்ச் எந்நேரமும் அரைகுறையாக நழுவிக்கொண்டே தேயும்.

இனி பிரேக் ஹோஸ். ஹேண்டில் கடைசிவரை திரும்பிய நிலையில், முன் சஸ்பென்ஷன் முழுதாக நீண்டிருக்கும்போது, ஹோஸ் எங்கும் விறைப்பாக இருக்கக்கூடாது. பலர் மறப்பது அந்த நீட்சியை. ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஃபோர்க் கொஞ்சம் அமிழ்ந்தே இருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கிக் காற்றில் தொங்கும் நொடியில்தான் ஹோஸ் மிகவும் இழுபடும். ஆகவே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள்.

தளர்வு போதாவிட்டால் முதலில் வழியை மாற்றிப் பாருங்கள். மேல்தட்டைச் சுற்றி வளைந்து போகும் ஹோஸை நேர்வழியில் விட்டாலே 20, 30 மி.மீ. கிடைத்துவிடும் வண்டிகள் உண்டு. வழிகாட்டும் கிளிப்பை ஒரு போல்ட் தள்ளி மாட்டுவதும் உதவும். சக்கரத்தையோ சூடான பகுதியையோ அது தொடாது என்பதை ஃபோர்க்கை அமுக்கியும் உறுதிசெய்யுங்கள். அதுவும் போதாதென்றால், தேவைக்கேற்ப நீளம் கூடிய எஃகு வலை பின்னிய ஹோஸ் வாங்குங்கள். 'கொஞ்சம் இழுத்தால் எட்டுகிறது' என்ற நிலையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

வயர்க் கற்றை அமைதியாகக் கெடும். ஸ்டீயரிங் கழுத்தருகே கேபிள் டையால் இறுக்கிக் கட்டினால், ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் அதே புள்ளியில் மடங்கி, உறைக்குள் செம்பு நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கழுத்தருகே தாராளமான ஒரு வளைவு விட்டு, டையைத் தளர்வாகப் போடுங்கள். சுவிட்சுப் பெட்டிக்குள் இருக்கும் சிறு முளை ஹேண்டிலின் துளையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்று ஹேண்டிலில் துளை இல்லாவிட்டால் அளந்து துளையிட வேண்டும். முளையை வெட்டிவிட்டால் சுவிட்சு ஹேண்டிலைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும்.

ஹோஸை மாற்றினால் காற்று எடுத்தாக வேண்டும்

பேன்ஜோ போல்ட்டை (ஹோஸின் முனையைப் பிடித்திருக்கும், ஆயில் போகத் துளையுள்ள போல்ட்டை) சற்றே தளர்த்தி ஹோஸின் கோணத்தைத் திருப்பினாலும் இது பொருந்தும். போல்ட்டின் இரு பக்கமும் புதிய வாஷர் போடுங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கி வடிவம் எடுத்தது, மறுபடி அடைக்காது. கிண்ணத்தின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே ஊற்றுங்கள். டாட் 4, டாட் 5.1 இரண்டும் கிளைக்கால் சார்ந்தவை. டாட் 5 சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. கிளைக்கால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்து வெகுநாள் ஆன பாட்டில் வேண்டாம்.

சக்கரத்தருகே உள்ள பிரேக் காலிபரின் காற்று எடுக்கும் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி மறுமுனையை ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். லீவரை மெல்ல அழுத்திப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, லீவர் கீழே போனதும் மூடிவிட்டு, அதன் பிறகே லீவரை விடுங்கள். குமிழ் நிற்கும்வரை தொடருங்கள். கிண்ணம் வற்றவே விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் அருகே உள்ள பேன்ஜோ சுற்றின் மிக உயரமான இடம் என்பதால் காற்று அங்கே பிடிவாதமாகத் தங்கும். ஹேண்டிலை அந்த இடம் சாயும்படி திருப்பி, லீவரைச் சிறு சிறு தட்டாகத் தட்டினால் குமிழ்கள் கிண்ணம் வழியே வெளியேறும். லீவரை ஒரு பட்டையால் கட்டி இரவு முழுக்க விட்டால் மீதியும் பெரும்பாலும் போய்விடும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹோஸ் ஏபிஎஸ் அலகுக்குப் போய்த் திரும்புகிறது. அலகுக்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் கண்டறியும் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது. லீவர் கல்போல் இறுகவில்லையென்றால், தயங்காமல் அந்தக் கருவி உள்ள பணிமனைக்கு வண்டியை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன்

பேட்டரியை இணைத்து இயந்திரத்தை நியூட்ரலில் ஓட விடுங்கள். ஐடிலில் ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லத் திருப்புங்கள். சுழற்சி வேகம் கொஞ்சம் ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதைத் தீர்க்காமல் வண்டி நகரக்கூடாது. இரண்டு கோடியிலும் ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட், பிரேக் விளக்கு, கில் சுவிட்ச், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளின் மேலும் உங்கள் எடையை முழுதாகப் போட்டு அமுக்குங்கள், இழுங்கள், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை நகர்வுகூட இருக்கக்கூடாது. லீவரை முழுபலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு.

லீவர் கோணத்தையும் கண்ணாடிகளையும் இப்போது மறுபடி சரிசெய்யுங்கள். உடல் நிமிர்ந்துவிட்டதால் பழைய கோணம் பொருந்தாது. உயர்த்திய பயனில் பாதி இந்தச் சிறு வேலையில் இருக்கிறது.

முதல் ஓட்டமும் அதன் பிறகும்

ஆள் நடமாட்டமில்லாத திறந்த இடத்தில் முதலில் நடை வேகம். எட்டுப்போடுங்கள், இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், மெல்லவும் பிறகு பலமாகவும் பிரேக் பிடியுங்கள். அதன் பிறகு சாலை. வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

வண்டியின் குணம் கொஞ்சம் மாறியிருக்கும். உங்கள் எடையில் ஒரு பகுதி முன்சக்கரத்திலிருந்து பின்னால் போய்விட்டது. வளைவில் டயர் சொல்லும் சேதி முன்புபோல் கைக்குத் தெளிவாக வராது. வேகமாக முடுக்கும்போது முன்பகுதி இலேசாகத் தெரியும். வளைவில் நுழையும்போது மார்பைத் தாழ்த்திக்கொண்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். மெதுவான போக்குவரத்தில் வண்டியைத் திருப்புவது எளிதாகியிருப்பதையும் உணர்வீர்கள். ஸ்டீயரிங் டேம்பர் (ஹேண்டிலின் திடீர் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இருந்தால், அதன் தண்டு இரண்டு கோடியிலும் முட்டாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கழுத்தில் புதிதாகக் காற்று அடித்தால் உயரமான வைசர் உதவும். கைப்பிடியில் புதிய அதிர்வு வந்தால் ஹேண்டிலின் முனைகளில் மாட்டும் பார் எண்டு எடைகளைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டுகளிலும் டார்க் ரெஞ்சை ஒருமுறை வையுங்கள், 500 கிலோமீட்டரில் மறுமுறை. பெயின்ட் கோடு முறிந்த போல்ட்டை வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாமல், கழற்றித் துடைத்து, புதிய திரெட் லாக்கர் இட்டுப் போடுங்கள். அதே போல்ட் மறுபடியும் நகர்ந்தால் ரைசர் உட்காரும் முகத்தில்தான் கோளாறு. அதை எடுத்து நேர்ச்சட்டம் வைத்துத் தளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதன் பிறகு வழக்கமான ஒவ்வொரு சர்வீஸிலும் ரைசர் போல்ட்டையும் ஹோஸின் உரசல் தடத்தையும் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் எழுதியே கொடுங்கள். தொழிற்சாலைப் பட்டியலில் அவை இருக்காது. கழற்றிய பழைய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். வண்டியை விற்கும் நாளிலோ ரைசரை எடுக்கும் நாளிலோ அந்த நீளப் போல்ட்டுகள் ரைசர் இல்லாத துளையில் பொருந்தாது.